வில்லன் இல்லாத புஸ்தகம்

நாவல் எழுதுகிறவனுக்குக் கதவுகளையும் அடுப்புகளையும் பற்றிய புஸ்தகம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் 1988-ல் வெளியிட்ட 'அன்றாடப் பொருள்களின் மனோதத்துவம்' என்ற நூலை நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். பிந்திய பதிப்புகளில் 'மனோதத்துவம்' போய் 'வடிவமைப்பு' வந்துவிட்டது. பழைய பெயர்தான் எனக்குப் பிடிக்கிறது. உண்மையில் அது சாமான்களைப் பற்றிய நூலல்ல, வெட்கத்தைப் பற்றிய நூல்.

தள்ளவேண்டிய கதவை இழுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கிறோமே, அந்த வெட்கம். தள்ளுகிற கதவுக்கு இழுக்கிற கைப்பிடியை வைத்தவன்தான் குற்றவாளி என்கிறார் நார்மன். நான்கு பர்னர்களைச் சதுரமாக அமைத்துவிட்டுத் திருகுகளை ஒரே வரிசையில் வைத்தால், எது எதற்கென்று யாருக்குத்தான் தெரியும்?

இந்த ஞானம் அவரோடு பிறந்ததல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, சிறகுத் தகடுகளை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்ட விமானிகள் உண்டு. 'விமானியின் தவறு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற மனோதத்துவ நிபுணர் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் நுனியில் சிறு ரப்பர் சக்கரமும் மற்றதில் ஆப்பு வடிவமும் பொருத்தச் செய்தார். இருட்டிலும் கைக்கே வித்தியாசம் தெரிந்தது.

நார்மனிடம் எனக்குள்ள குறை ஒன்றுதான். அவர் உலகத்தில் வில்லன் கிடையாது. மோசமான கருவியைச் செய்தவன் அவருக்கு அவசரக்காரன், அல்லது அழகுப் பைத்தியம்; பெரும்பாலும் விஷயம் தெரியாதவன். வேண்டுமென்றே ஒன்றைக் கடினமாக்குவது பற்றியும் பேசுகிறார். ஆனால் அங்கே காரணம் பெரும்பாலும் பாதுகாப்பு, இல்லாவிட்டால் விளையாட்டு. மனிதனைப் புரிந்துகொண்டவன் அவனுக்கு நன்மையே செய்வான் என்ற நம்பிக்கை நூல் முழுவதும் ஓடுகிறது.

2010-ல் இங்கிலாந்துக்காரரான ஹாரி பிரிக்னல், ஆட்களை ஏமாற்றுவதற்கென்றே அமைத்த திரைகளுக்கு 'இருண்ட உத்திகள்' என்று பெயர் வைத்தார். என் அக்கா அப்படி ஒன்றில் சிக்கியிருந்தாள். கைபேசியில் ஏதோ ஒரு சேவையில் ஒரு தட்டில் சேர்ந்துவிட்டாள், விலகத் தெரியவில்லை. மாதாமாதம் பணம் போயிற்று. "எனக்குத்தான் பார்க்கத் தெரியலை, தம்பி" என்றாள். வாங்கிப் பார்த்தேன். விலகும் வழி மூன்றாவது பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அறியாமையால் அது அங்கே போயிருக்க முடியாது. கண் எங்கே போகும் என்று நன்றாகத் தெரிந்தவன், போகாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறான். நார்மன் கற்றுக்கொடுத்த அதே பாடம்தான்.

ஆனாலும் அந்த நூலைப் படிக்கவேண்டும் என்றுதான் சொல்வேன். கதவின் கதையை அக்காவுக்குச் சொன்னேன். "அப்போ என் தப்பு இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். யார் தப்பு என்று அவள் அடுத்தாற்போல் கேட்டதற்கு, அந்தப் புஸ்தகத்தில் பாதிப் பதில்தான் இருக்கிறது.