திருவிருந்துப் பாடலில் 'நாம்' எங்கே?

மக்கள் நற்கருணை பெற வரிசையாக வரும் வேளையில் பாடப்படும் பாடல்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறோம். பீடத்தின் முன் நின்று அப்பம் வழங்குபவனுக்குச் சொற்கள் தெளிவாகவே காதில் விழும். பெரும்பாலானவற்றில் வேண்டுதல் ஒன்றுதான்: இயேசு என் இதயத்தில் எழுந்தருள வேண்டும், என் கண்ணீரைத் துடைக்க வேண்டும், என்னைவிட்டு அகலாதிருக்க வேண்டும். இவ்வேண்டுதலைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை. குருமட நாள்களில் நாமே அத்தகைய பாடலொன்றை இயற்றி, விழாவில் அது பாடப்பட்டபோது பெருமிதமும் கொண்டோம். அண்மையில் பழைய ஏட்டில் அது அகப்பட்டது. பன்னிரண்டு அடிகளில் 'என்' என்னும் சொல் பதினேழு முறை வந்திருந்தது; 'நாம்' ஒரு முறையேனும் இல்லை.

திருச்சபையின் தொன்மையான திருவிருந்துப் பாடல் 34ஆம் திருப்பாடல். எருசலேம் ஆயர் புனித சிரிலின் பெயரால் வழங்கும் 4ஆம் நூற்றாண்டு மறையுரையில், பாடகர் அதைப் பாடி மக்களை விருந்துக்கு அழைத்தமை காணப்படுகிறது. அத்திருப்பாடலின் போக்கை உற்றுநோக்க வேண்டும். அது 'நான்' என்றே தொடங்குகிறது. ஆயின் உடனே எளியோரைத் துணைக்கு அழைக்கிறது. இணைந்து இறைவனைப் போற்றுவோம் என்கிறது. கூவியழைத்த ஏழையின் குரல் கேட்கப்பட்டதைச் சான்றாகக் காட்டி, ஆண்டவரின் இனிமையைச் சுவைத்தறிய எல்லாரையும் அழைக்கிறது. தனி மனிதரின் நன்றி, சபையின் பந்தியாக விரிகிறது.

1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தியபோது, அதன் வழிபாட்டுப் பாடல்களை இயற்றியவர் புனித தாமஸ் அக்குவினாஸ் என்பது மரபு. அவ்விழாவின் தொடர்பாடலாகிய 'லௌதா சீயோன்' சீயோனை, அதாவது கூடியிருக்கும் சபையை, விளித்துத் தொடங்குகிறது. பெரிய வியாழன் பவனியில் ஒலிக்கும் 'பாஞ்சே லிங்குவா'வின் தொடக்கச் சொற்களும் யாப்பும் 6ஆம் நூற்றாண்டில் வெனான்சியுஸ் பொர்த்துனாத்துஸ் இயற்றிய சிலுவைப் பாடலின் வழி வந்தவை. உரோமைப் போர்வீரர் நடைபோட்டுப் பாடிய யாப்பு அது. பேரறிஞர் ஒருவர் புதுமையை நாடாது, மக்கள் காலுக்குப் பழகிய தாளத்தையே எடுத்துக்கொண்டார்! அவர் பெயரால் வழங்கும் 'அதோரோ தே தெவோதே' மட்டும் 'நான்' என்றே பேசுகிறது. நமக்கு மிக விருப்பமான பாடல் அது. ஆயினும் அப்பெருவிழாவின் வழிபாட்டுக்கென எழுந்ததன்று. தனியே முழந்தாளிட்டுச் சொல்லும் செபமாகவே அது வழங்கி வந்தது.

அக்காலத்தில் மக்கள் நற்கருணை உட்கொண்டது அரிது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பெறவேண்டுமென்று 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் கட்டளையிட நேர்ந்தது என்றால் நிலைமையை ஊகிக்கலாம். அடிக்கடி பெறும் வழக்கத்தைத் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1905இல்தான் ஊக்குவித்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கும் அந்தந்த மக்களின் இசை மரபுக்கும் இடமளித்தது. எனவே, பந்திக்கு நடந்து வரும் ஒரு மக்களினத்துக்குத் தமிழில் பாடல் தரும் பேறு நம் காலப் புலவர்களுக்கு வாய்த்தது. அதை அவர்கள் எவ்வாறு பயன்படுத்தினர்? ஒலிநாடாக்கள் பெருகிய ஆண்டுகளில், தனிக்குரலுக்கும் நீண்ட இடையிசைக்கும் ஏற்ற மெட்டுகளே செல்வாக்குப் பெற்றன. வீட்டில் கேட்க அவை இனியவை. கோவிலிலோ பாடகர் குழு பாட, மக்கள் வாய்மூடி நடக்கின்றனர்.

இத்தனைக்கும் தமிழுக்கு இலத்தீனில் இல்லாத வளமொன்று உண்டு. இறைவனை நோக்கிப் பேசும்போது 'நாங்கள்' என்கிறோம். அடுத்தவரையும் சேர்த்துக்கொண்டு பேசும்போது 'நாம்' என்கிறோம். திருப்பலியின் மன்றாட்டுகள் 'எங்கள்' என்று அமைவது முறையே. வரிசையில் நடப்போர் ஒருவரையொருவர் நோக்கிப் பாடும் திருவிருந்துப் பாடலிலோ 'நாம்' என்னும் சொல் தன் முழுப் பொருளோடு ஒலிக்க இடமிருக்கிறது. அப்பம் ஒன்றே, ஆதலால் பலராகிய நாம் ஓருடல் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியது இதுவன்றோ? பந்தியில் ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் வெறியுற்றிருந்த சபைக்கு அதை எழுதினார் என்பதை மறத்தல் ஆகாது.

நம் மண்ணிலும் அத்தகைய சபைகள் இருந்தன. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியாருக்குச் சாதியார் தனித்து நிற்கச் சுவரே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. சுவரின் இருபுறமும் ஒரே அப்பத்தை உண்டனர். 'என் இதயத்தில் வாரும்' என்று அங்கே இரு சாராரும் மனம் உறுத்தாமல் பாடியிருக்க முடியும். 'நாம்' என்று பாடியிருந்தால் எவர் தொண்டையிலாவது சிக்கியிருக்கும். பாடலாசிரியரிடம் நாம் எதிர்பார்ப்பது அந்த உறுத்தலைத்தான்.

வடிவத்திற்கு வெகு தூரம் போகவேண்டியதில்லை. ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் நடவுப் பாட்டு நம் தாய்மார் அறிந்ததே. கையில் புத்தகம் வேண்டாம். சென்ற திருவுடல் பெருவிழாவில் 34ஆம் திருப்பாடலின் கருத்தை அத்தகைய மெட்டில் அமைத்து, ஈரடிப் பல்லவியுடன் பாடச் செய்தோம். இரண்டாம் சரணத்திலேயே பின்வரிசைப் பெண்களின் குரல் பாடகர் குழுவை மூடிவிட்டது. திருப்பலி முடிந்ததும் கீபோர்டு வாசிக்கும் தம்பி சற்று வாடிய முகத்துடன் வந்து, "சாமி, இடையிசைக்கு இடமே இல்லையே" என்றார். நன்றிப் பாடலில் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.