முன்வரிசைப் பெண்கள்

1974-இல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானபோது பாட் சம்மிட்டுக்கு வயது 22. வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டியதும் சீருடை துவைத்ததும் அவரேதான். 38 பருவங்களில் 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள்.

யாராவது அசந்தால் அவருடைய நீலக்கண் பார்வை ஒன்றே போதும்; கால்கள் தாமாக ஓடும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அணிப் பெண்கள் வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும் என்ற அவருடைய விதி. அவரிடம் முழுக்காலமும் ஆடிய அத்தனை பெண்களும் பட்டம் பெற்றார்கள்.

2011-இல் தமக்கு அல்சைமர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த பருவத்திலும் அணியோடு நின்றார். 2016-இல் மறைந்தார். அவரிடம் ஆடிய காரா லாசன் 2020-இல் டியூக் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பயிற்சியாளரானார்.