ஒரு சட்டிக்கு ஒரு பணியாரம்

நம் சமையல்காரர் சங்கத் தலைவர் ஐயா சொல்லி அனுப்பினார் என்றுதான் சங்கத்து மலர்க் குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். ஐயா என் குருநாதரோடு எதிரெதிர்க் கோட்டை அடுப்பில் நின்று புகை குடித்தவர். அவர் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது. அப்பம், தோசை, பணியாரம் எல்லாம் தேசத்துக்குத் தேசம் அளவிலும் பக்குவத்திலும் எப்படி மாறுகின்றன என்று எழுத வேண்டுமாம். முதலில் பத்துப் பக்கம் என்றார்கள், விளம்பரம் நிறைய வந்துவிட்டதால் இப்போது நாலு பக்கம். ஆகவே அரிசி களைவதிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. இந்த மலரைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

ஊற்றிச் சுடுகிற பலகாரங்களை நம் பெரியவர்கள் கல், குழி, சட்டி என்று மூன்று கட்சியாகப் பிரித்திருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பார்த்தாலும் இந்த மூன்றுக்குள்தான் பெரும்பாலும் அடங்குகிறது.

கல் கட்சிதான் பெரிய கட்சி. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய மானசோல்லாசத்திலேயே தோசைக்கு இடம் உண்டு. பக்கத்தில் அழகர்கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கும் தோசையைச் சாப்பிட்டவர்களுக்கு, இன்று ஓட்டலில் மேசைக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு வருகிற காகிதம் எந்த வம்சம் என்று சந்தேகம் வரும். அங்கே கனம், மிளகு, நெய். இங்கே நீளம். எத்தியோப்பியாவில் தெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்க வைத்து, அரை மீட்டர் அகலத்துக்கு இஞ்செரா ஊற்றுகிறார்கள். அதை விரித்துப் போட்டு மேலே குழம்பு வைத்து, கடைசியில் அதையே பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். நமக்கு இலை மிஞ்சும், அவர்களுக்கு அதுவும் மிஞ்சாது. பிரான்ஸில் மாவைப் புளிக்க வைப்பதில்லை. மரக்கட்டையால் இழுத்துத் துணி போல மெல்லிசாக்கி கிரேப் என்கிறார்கள். பிப்ரவரி 2ஆம் தேதி வீட்டுக்கு வீடு அது உண்டு. ஹாலந்தில் தட்டு நிறைய ஒன்றும் இருக்கிறது, ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிதாகப் பொஃபர்ச்சே என்று ஒன்றும் இருக்கிறது, அது சின்னக் குழியில் சுடுவது.

குழிக் கட்சியைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் சொந்தச் சரக்கு உண்டு. டென்மார்க்கில் வேலை பார்க்கும் என் அக்காள் பேரன் அந்த ஊர்ச் சட்டி ஒன்று வாங்கி வந்தான். வார்ப்பிரும்பு, ஏழு குழி. நம் காரைக்குடிப் பாத்திரக் கடையில் வைத்தால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் அதில் ஏப்லஸ்கீவர் சுட்டுப் பழ ஜாமோடு சாப்பிடுகிறார்கள். ஆச்சிமார் குச்சியால் திருப்புவது போல அவர்கள் கம்பளி பின்னும் ஊசியால் திருப்புவார்களாம். ஜப்பானில் ஒசாகாக்காரர்கள் குழிக்குள் ஆக்டோபஸ் துண்டு வைக்கிறார்கள், அதோடு நிறுத்திக்கொள்கிறேன். பர்மாவில் சுடும் மொன் லின் மயாவைத்தான் நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அரிசி மாவைக் குழியில் ஊற்றி, அவித்த கடலையோ காடை முட்டையோ வைத்து, இரண்டு அரைப் பணியாரங்களை ஒன்றோடொன்று கவிழ்த்து ஒட்டிவிடுவார்கள். பெயருக்கு அர்த்தமே புருஷன் பெண்டாட்டிப் பலகாரம் என்பதுதான். என் குருநாதரின் தகப்பனார் ரங்கூனில் செட்டியார் கிட்டங்கி ஒன்றில் சமையல் பார்க்கும் தவசுப்பிள்ளையாக இருந்து, 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர். அவர் அந்தப் பலகாரத்தைச் சொல்லும்போதெல்லாம், "ஒட்டலேன்னா தனித்தனியா விக்க மாட்டான்" என்று சிரிப்பாராம்.

இனி எங்கள் சட்டிக் கட்சி.

கல்லுக்கு விளிம்பு உண்டு. குழிக்குச் சுவர் உண்டு. ஆப்பச் சட்டிக்குக் கூட வளைவு இருக்கிறது, சுழற்றினால் மாவு தானே ஏறி நிற்கும். எங்கள் செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரத்துக்கு எதுவும் கிடையாது. காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவு விழுகிறது, அது எவ்வளவு விரிய வேண்டும் என்பதை மாவின் பதமும் ஊற்றுகிற கையும் மட்டுமே தீர்மானிக்கின்றன. மாவு ஒரு சொட்டு நீர்த்தால் விரிந்து கிழியும். ஒரு சொட்டு இறுகினால் வடைக்குத் தம்பியாக உப்பி நிற்கும். செக்கும் ஆலையும் பெயரிலேயே இருக்கிற எங்கள் காரைக்குடிச் செக்காலையில், எண்ணெயில் ஊற்றுகிற பலகாரத்துக்கு மதிப்பு கூடுதலாக இருந்தது நியாயம்தான்.

அளவு உறுப்பினர்கள் அறிந்ததே. உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேல் நிற்கிற மட்டும் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் ஊறல், வெண்ணெயாக அரைப்பு, உப்பு. புளிக்க விடக் கூடாது. சிட்டிகை சர்க்கரை சிலர் போடுவார்கள், கூடினால் சிவந்துவிடும். பால் விடுகிறவர்கள் ஒரு பக்கம், விடாதவர்கள் ஒரு பக்கம் என்று நம் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கோஷ்டி உண்டு. பெயர் சொன்னால் அடுத்த பொதுக்குழு நடக்காது. என் குருநாதர் பால் விடுவார், நானும் விடுவேன்.

அவர் ஊற்றுவதைப் பார்த்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறோம். முக்காலியில் உட்கார்ந்து, மாவை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்றால் அரைத்தவனைத் திரும்பிப் பார்ப்பார், திட்ட மாட்டார். அந்தப் பார்வைக்கு நான் இரண்டு தடவை ஆட்டுக்கல்லுக்குத் திரும்ப ஓடியிருக்கிறேன். கரண்டியை எண்ணெய்க்கு ஒரு சாண் மேலே பிடித்து, நடுவில் ஒரே மூச்சாக ஊற்றுவார். மாவு அடியில் போய், நொடி நேரம் யோசித்து, மேலே வரும். வந்ததும் ஓரத்து எண்ணெயை அதன் தலையில் கோலிவிடுவார். நடு லேசாகப் புடைக்கும், விளிம்பு பின்னல் வேலை மாதிரி பொரியும். ஒரே திருப்பு. நிறம் ஏற நினைக்கிற நேரத்தில் கண்கரண்டி உள்ளே போயிருக்கும். எடுத்த பணியாரத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். வெளியே நீட்டினாலும் குற்றம், உள்ளங்கை தெரிந்தாலும் குற்றம். நான் முதன்முதலாகத் தனியாக ஊற்றிய ஒரு படி மாவில் பந்திக்குப் போனது பதினாறு. மற்றவை எங்களுக்கே காலைப் பலகாரம், வரமிளகாய்த் துவையலோடு.

வெள்ளை முடிந்த பிறகுதான் கந்தரப்பம். வெல்லம் விழுந்த எண்ணெயில் மறுபடி வெள்ளையை ஊற்றினால் அது வெள்ளையாக இருக்காது. இதையும் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், போன தை மாதத்துக் கல்யாணம் ஒன்று. எந்த மண்டபம், யார் கான்ட்ராக்ட் என்பது வேண்டாம். நம் உறுப்பினராக இருக்க மாட்டார், இருந்தால் மனம் நோக வேண்டாம், கெட்டிக்காரப் பிள்ளை, சுறுசுறுப்பு. ஆனால் அகலச் சட்டியில் ஒரே நேரத்தில் நாலு பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். நாலும் ஒன்றையொன்று இடித்து, விளிம்பு ஒட்டி, கண்கரண்டியால் வெட்டிப் பிரித்து எடுத்தார்கள். இலையில் விழுந்தது வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. கேட்டால், "அண்ணே, எழுநூறு இலை, ஒண்ணொண்ணா ஊத்தினா முகூர்த்தம் தாண்டிரும்" என்றார். எழுநூறு இலைக்கு ஆறு சட்டி வைத்து ஆறு பேர் உட்காருவோம் அண்ணே, என்று நான் சொல்லவில்லை. அவரும் என்னை அண்ணே என்கிறார், நானும் அவரை அண்ணே என்று சொல்ல வேண்டிய காலம்.

அது ஒரு மண்டபத்தோடு போயிருந்தால் மறந்திருப்பேன். நாலு ஊற்ற வேண்டுமானால் ஒவ்வொன்றும் சிறிசாக வேண்டும், சிறிசானால் நடு வேகுமுன் ஓரம் சிவக்கும், சிவந்ததை மறைக்க இன்னும் சிவக்க விடுகிறார்கள், கடைசியில் வெள்ளைப் பணியாரம் வெள்ளையாக வந்தால் வேகவில்லை என்று திருப்பி அனுப்புகிற மாப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். உளுந்தைக் குறைத்துச் சோடா உப்பு. உழக்கு போய் டம்ளர். ஆட்டுக்கல் போய்க் கிரைண்டர், அதைக் கூட மன்னித்தேன். கிரைண்டரும் போய்ப் பாக்கெட் மாவு. லைவ் கவுண்டர் என்று ஒரு மேசை, அதில் பல்குத்தும் குச்சி செருகிய மினி பணியாரம். சென்னையிலிருந்து துபாய் வரை செட்டிநாடு என்று பலகை மாட்டியிருக்கிறார்கள், உள்ளே போய் வெள்ளைப் பணியாரம் இருக்கிறதா என்றால் ஊத்தப்பம் இருக்கிறது என்கிறார்கள். டென்மார்க்காரன் ஏழு குழியை எட்டாக்கி நான் கேள்விப்படவில்லை. எத்தியோப்பியாவில் இஞ்செராவைக் குச்சியில் செருகினால் யார் வீட்டில் பெண் கொடுப்பார்கள்? நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கே பணியாரத்தின் அளவு கேட்டால் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வளைத்துக் காட்டுகிறார்கள். அதை முதலில் பார்த்த அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மலர்க் குழுவினர் இந்தப் பகுதியைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்த பிறகுதான் இவ்வளவு.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டு விழாவில் மூத்தோருக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள், நல்லது. அடுத்த ஆண்டு மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு சட்டி வையுங்கள். தலைவர் ஐயாவின் கை இன்னும் நடுங்கவில்லை. அவர் ஒன்று ஊற்றட்டும், இளையவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

குருநாதரின் கரண்டி என்னிடம்தான் இருக்கிறது. பித்தளை, காம்பு ஒரு பக்கம் தேய்ந்தது. செக்காலைப் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். முதல் நாளே சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை, வந்த பிறகு அரிசி போட்டால் போதும். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம்.