வைஸ்ராய் பெயர் கொண்ட நோய்

ரிஷிகேஷ் முகர்ஜியின் ‘ஆனந்த்’ 1971இல் வந்தது. ஐம்பது வருஷம் தாண்டியும் யாராவது ஒருத்தர் எங்கேயோ அதைப் பார்த்து அழுதுகொண்டுதான் இருக்கிறார். அழட்டும். சலில் சௌத்ரியின் இசைக்கும் ராஜேஷ் கன்னாவின் சிரிப்புக்கும் அழாமல் இருப்பது கஷ்டம். எனக்கு உறுத்துவது வேறு விஷயம். நாயகனைக் கொல்ல ஆயிரம் நோய் இருக்க, ஏன் அந்த ஒரு நோய்?

படத்திலேயே பெயர் சொல்கிறார்கள்: குடலில் லிம்ஃபோசர்கோமா. ஆனந்த் அதை வாயில் போட்டுச் சுவைக்கிறான். ஏதோ வைஸ்ராய் பேர் மாதிரி இருக்கே, வியாதின்னா இப்படி இருக்கணும் என்கிற தொனியில் பேசுகிறான். தியேட்டர் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில்தான் படத்தின் மொத்த ரகசியமும் இருக்கிறது என்பேன். இந்த நோய்க்கு ஒரு கௌரவம் இருக்கிறது. யாருக்கும் உச்சரிக்கத் தெரியாது, வெளியே எதுவும் தெரியாது, முகம் கெடாது.

லிம்ஃபோசர்கோமா பழைய பெயர். இப்போது லிம்ஃபோமா என்கிற பெரிய குடும்பத்துக்குள் அது போய்விட்டது. நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். நிணநீர் என்றால் பாடப்புத்தக வார்த்தையாக இருக்கிறதே என்று தோன்றலாம். நம் வீடுகளில் அதற்கு எப்போதும் வேறு பேச்சு உண்டு. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் பாட்டி தொடை இடுக்கைத் தொட்டுப் பார்த்து “நெறி கட்டியிருக்கு” என்பாள். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கழுத்தில், அக்குளில், அரையில், வயிற்றுக்குள் என்று உடம்பெல்லாம் காவல் சாவடி மாதிரி நிற்பவை. காசநோய் அங்கே வந்தால் கண்டமாலை. அங்கிருக்கும் வெள்ளணுக்களே கட்டுமீறிப் பெருகினால் லிம்ஃபோமா. யானைக்கால் புழு வந்து தங்குவதும் இதே மண்டலத்தில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

சூசன் சொன்டாக் 1978இல் ‘நோய் ஓர் உருவகமாக’ என்று எழுதிய நூலில் இதற்கு ஒரு சாவி வைத்திருக்கிறார். காசநோயைக் கவிஞர்களின் நோயாக, மெலிந்து ஒளிரும் நோயாகக் கொண்டாடிய பண்பாடு, புற்றுநோயை அருவருத்தது. ஆனால் ‘லவ் ஸ்டோரி’யின் நாயகிக்கு ரத்தப் புற்று மட்டும் அனுமதிக்கப்பட்டது, ஏனென்றால் அதில் கத்தி கிடையாது, எதையும் வெட்டி எடுக்க வேண்டாம் என்கிறார். ரத்தமும் நிணநீரும் உள்ளே ஓடுபவை. மார்பகமோ மலக்குடலோ போலக் கூச்சப்படுத்தாதவை. கதாசிரியனுக்கு வசதி.

தமிழில் இந்த வசதியை எடுத்துக்கொண்டு ஆடித் தீர்த்துவிட்டோம். ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) இதில் விதிவிலக்கு. அங்கே புற்றுநோயாளி பிழைக்கிறார், டாக்டர்தான் சாகிறார். இருபது வருஷம் கழித்து, 1982இல், ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என்று ஒரே வருஷத்தில் இரண்டு நாயகர்கள். நோய் வந்ததும் காதலியிடம் மறைப்பது, பாடுவது, சாவது. நடுவில் ஒரு இருமல், கைக்குட்டை, சிவப்பு. இந்த இருமல் புற்றுநோயின் இருமலே அல்ல. காசநோய் விட்டுப்போன பழைய சட்டையை அடுத்த நோய்க்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். இருமினால்தானே குளோசப் கிடைக்கும்!

கல்லூரி அறைத்தோழன் ஒருவனுக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வந்தது. கழுத்தில் வலிக்காத ஒரு கட்டி. ஊரில் ஒரு டாக்டர் டிபி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார். ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததோடு நிறுத்தாமல் கணுவையே எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நம் நாட்டில் இது அடிக்கடி நடப்பது, இரண்டுக்கும் சாயங்கால ஜுரம், ராத்திரி வேர்வை, எடை குறைவு எல்லாம் பொது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டு வருவான். சிரிஞ்சில் இருக்கும் அந்தச் சிவப்பு மருந்தைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும். அந்த மாதங்களில் ஒருநாள் ‘ஆனந்த்’ போட்டோம். பாதியில் அவன் சொன்னது: “டேய், ஒரு முடிகூடக் கொட்டலடா அவனுக்கு.”

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை.

நியாயமாகவும் இருக்கவேண்டும். ஆனந்துக்கு வந்த வகை அன்றைக்குக் கடுமையானதுதான், கையை விரித்த டாக்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் படம் வெளிவருவதற்கு முந்தைய வருஷம், 1970இல், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வின்சென்ட் டெவிட்டாவும் நண்பர்களும் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, முற்றிய ஹாட்ஜ்கின் நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்குக் கட்டிகள் முழுதாக மறைந்ததை வெளியிட்டுவிட்டார்கள். அதற்கும் முன்பே உகாண்டாவின் கம்பாலாவில் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் வீங்கிய லிம்ஃபோமாக்கள் மருந்தில் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1975இல் டெவிட்டா குழு, ஹாட்ஜ்கின் அல்லாத ஒரு மூர்க்கமான வகையையும் சிலருக்குக் குணப்படுத்தலாம் என்று எழுதியது. அதாவது, புற்றுநோய்களிலேயே முதலில் பிடி தளர்த்தியவற்றில் ஒன்று இது. அதே நேரத்தில்தான் நம் சினிமா இதை மரணத்தின் மறுபெயராகத் தத்தெடுத்தது. 1971இல் அது அறியாமை என்றால், 1982இலும் அதற்குப் பிறகும் அது சோம்பல். கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு “சினிமால வர்ற மாதிரி ஆயிடுமோ” என்று டாக்டரிடமே போகாமல் இருப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்போம்.

இன்னொரு விஷயம் எனக்கு முக்கியம். ‘ஆனந்த்’ எப்படித் தொடங்குகிறது என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அமிதாப் நடிக்கும் டாக்டர் பாஸ்கர் பம்பாய்ச் சேரிகளில் அலைகிறான். மருந்து எழுதலாம், சோற்றை எங்கிருந்து எழுதுவது என்ற கோபம் அவனுக்கு. நண்பன் பிரகாஷோ பணக்காரர்களின் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்துச் சம்பாதிக்கிறான். அருமையான ஆரம்பம். பிறகு ஆனந்த் வருகிறான். அத்தோடு சேரி பின்னால் போய்விடுகிறது. பாஸ்கரின் கோபம் துக்கமாக மாறுகிறது, துக்கம் புத்தகமாகிறது, புத்தகத்துக்குப் பரிசும் கிடைக்கிறது. அந்தக் குடிசைக் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று படம் திரும்பிப் பார்க்கவில்லை. வைஸ்ராய் வந்தால் மற்றவர்கள் எழுந்து நிற்க வேண்டியதுதானே.

அந்தச் சேரிச் சாக்கடையில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசுதான் நிணநீரின் இன்னொரு நோயைக் கொண்டுவருகிறது. யானைக்கால். புழு நிணநீர்க் குழாய்களில் குடியேறி வருஷக்கணக்கில் வாழும். அப்பப்போ நெறி கட்டும், குளிர் ஜுரம் வரும், குழாய்கள் பழுதாகும், கால் வீங்கும், ஆண்களுக்கு விரை வீங்கும். ஆள் சாவதில்லை. செருப்புக்குள் நுழையாத காலோடு, கல்யாணப் பேச்சு நின்றுபோன வீட்டில், முப்பது நாற்பது வருஷம் இருப்பார். நான் பார்த்த படங்களில் இந்தக் கால் வந்ததெல்லாம் நகைச்சுவைக்குத்தான். விரைவீக்கத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே மண்டலம். ஒரு நோய்க்கு வயலின், இன்னொன்றுக்குச் சிரிப்பு. முதலாவது யாருக்கும் வரலாம் என்பதால் நமக்கும் வரலாம் என்று அழுகிறோம். இரண்டாவது சாக்கடை ஓரத்து ஆளுக்குத்தான் வரும் என்ற நிம்மதியில் சிரிக்கிறோம்.

இதில் சினிமாவுக்கான சமாச்சாரம் இல்லை என்று சொல்லமுடியாது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலுக்குள் ஒதுங்கிக்கொண்டு, ராத்திரி கொசு கடிக்கும் நேரத்தில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். 1872இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் அவற்றை மனித ரத்தத்தில் கண்டார். சில வருஷம் கழித்து சீனாவின் அமோயில் பேட்ரிக் மேன்சன், கொசுவுக்கும் புழுவுக்கும் உள்ள உறவையும் இந்த ராத்திரிக் கணக்கையும் பிடித்தார். அதனால் இன்றைக்கும் சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரி எட்டு எட்டரைக்கு மேல்தான் கண்ணாடித் தகடுகளோடு தெருவில் இறங்குகிறார்கள். டெல்டாவிலும் கடலோரத்திலும் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த காட்சி. டிவி ஓடிக்கொண்டிருக்கும். “இந்நேரத்துக்கு எதுக்குங்க ரத்தம்?” என்று வீட்டுக்காரர் வாசலை மறித்து நிற்பார். தூங்கின பிள்ளையை எழுப்பி விரலை நீட்டச் சொல்வார்கள். உள்ளே திண்ணை மறைவில் கிழவி ஒருத்தி சேலையைக் காலுக்குமேல் இழுத்து மூடிக்கொள்வாள்.