ஒரே பாயில் படித்த பாட்டு

அண்ணன் தம்பி சேர்ந்து கச்சேரி செய்தால் போதும், 'சங்கீதம் இவர்களுக்கு ரத்தத்திலேயே ஊறியது' என்று எழுதிவிடுகிறோம். பாராட்டுப் போலத் தோன்றும் இந்த வாக்கியம் பெரிய அநியாயம் ஒன்றைச் செய்கிறது. விடியுமுன் பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்த தகப்பனின் உழைப்பையும், தனக்கு எப்போதோ பாடமாகிவிட்ட வரியைத் தம்பிக்காகத் திரும்பத் திரும்பப் பாடிய அண்ணனின் பொறுமையையும் அது கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறது. தஞ்சை மண்ணின் இருநூறு ஆண்டு இசையைச் சகோதரர்கள் வழியாகப் பார்த்தால், அதைத் தாங்கி நின்றது சிறு வயதில் சேர்ந்து வளர்ந்த வளர்ப்புதான் என்பது தெரியும்.

திருவாரூர் தீட்சிதர் வீட்டில் மூவர்: முத்துசுவாமி, சின்னசாமி, பாலுசாமி. மூத்தவர் மும்மூர்த்திகளில் ஒருவரானார், மற்ற இருவரும் அடிக்குறிப்பானார்கள். ஆனால் 1835இல் முத்துசுவாமியின் உயிர் பிரிந்தது தம்பி பாலுசாமி வித்வானாக இருந்த எட்டயபுரத்தில்தான். அண்ணனின் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் தந்த சுப்பராம தீட்சிதரும் அந்தத் தம்பி வீட்டுப் பேரர்தான். முத்துசுவாமியின் சீடர்களான தஞ்சை நால்வர் 1802க்கும் 1810க்கும் இடையில் பிறந்தவர்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் சேர்ந்துதான் சதிர் கச்சேரிக்கு இன்றுவரை நிற்கும் வரிசையை அமைத்தார்கள். பின்னால் சின்னையா மைசூருக்கும் வடிவேலு திருவாங்கூருக்கும் போனபோது, அந்த வரிசையும் அவர்களோடு போனது. வையைச்சேரி மகா வைத்தியநாத ஐயரின் புகழில் மறைந்துபோனவர் அவருடைய தமையனார் ராமசாமி சிவன். தம்பியோடு கூடப் பாடிய குரல் அது. பெரிய புராணக் கீர்த்தனைகளை இயற்றியவரும் அவரே. நம் இசை வரலாறுகள் அவருக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்காதது வெட்கக்கேடு.

இந்த உறவு முழுமையாக மலர்ந்தது சென்ற நூற்றாண்டின் முற்பாதியில், நாகசுரத்தில். கீர்த்தனைக்குத் திருவீழிமிழலை, தீட்சிதர் பாடாந்தரத்துக்குத் திருப்பாம்புரம், ரக்திக்குச் செம்பொன்னார்கோயில் என்று டெல்டாவின் சிற்றூர்களெல்லாம் சகோதர ஜோடிகளால் பேர்பெற்ற காலம் அது. இரட்டை நாகசுரம் எவ்வளவு கடினம் என்பதை வாத்தியத்தின் அருகே போய்ப் பார்த்தால்தான் புரியும். கெண்டையில் பொருத்திய சீவாளி நாணல் தட்டையால் ஆனது. ஈரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும், உதட்டின் பிடி சற்று இறுகினாலும் சுருதி நகர்ந்துவிடும். கமகத்தின் நுட்பமெல்லாம் விரலோடு மூச்சும் சேர்ந்து செய்கிற வேலை. இப்படிப்பட்ட வாத்தியங்கள் இரண்டு ஒன்றாக ஒலிக்க வேண்டும். ஒருவர் மூச்செடுக்கும் இடத்தில் மற்றவர் இழையை அறுபடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்; அந்த இடம் தவில்காரருக்குக்கூடத் தெரியக் கூடாது. அண்ணனின் மூச்சு எங்கே முடியும் என்பதைத் தம்பி எட்டு வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தே அறிந்திருக்கிறான். அப்படிப்பட்ட ஜோடியில் 1956ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருது திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளையின் பெயருக்கு வந்தது. கூடவே ஊதிய நடராஜசுந்தரம் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இருவர் மூச்சில் உருவான இசைக்கு ஒருவர் பெயரை மட்டும் எழுதப் பழகிய காலம் வந்துவிட்டது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு எந்தத் தம்பி துணை நின்றார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மணிக்கணக்கில் விரியும் ஆலாபனை ஒரு மனத்தின் பயணம். அதற்குத் துணை தேவையில்லை. ஆனால் அந்த மேதையின் அளவுகோலையே நாகசுரம் முழுவதற்கும் வைத்ததில், கீர்த்தனையின் சாகித்தியத்தை இருவர் ஒரே மூச்சாக ஊதிய கலை இரண்டாந்தரமாக எண்ணப்பட்டது. பரம்பரை இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்குமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. இதற்கு ஆலத்தூர் சகோதரர்களே பதில். சிவசுப்பிரமணிய ஐயர் ஆலத்தூர் வேங்கடேச ஐயரின் மகன். ஸ்ரீநிவாச ஐயரோ அவரிடம் படிக்க வந்த சீடர். ரத்த உறவு இல்லாத இருவரும் ஒரே ஆசானிடம் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். பல்லவியில் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுத்த லாவகத்தைக் கேட்டு ஊரே அவர்களைச் சகோதரர்கள் என்றது. மறுபுறம், இசை வேளாளர் வீடுகளில் பிறந்த பெண்களுக்கும் அண்ணன் தம்பிகளின் அதே ரத்தம்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கையில் யாரும் நாகசுரத்தைக் கொடுக்கவில்லை. அதனால் அந்த வாத்தியம் அவர்களுக்கு வரவில்லை. ரத்தம் ஓடியும் பாடம் நடக்காததால் இசை நின்ற இடம் அது.

ஆகவே ஜோடிகள் அருகிவருவதைப் பரம்பரையின் முடிவு என்று நினைத்து நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நாகசுரம் கற்க வரும் பிள்ளைகளை எட்டு வயதிலேயே இருவர் இருவராக உட்காரவைக்கலாம். ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியோ, யார் வீட்டுப் பிள்ளையோ ஆகட்டும். ஒரே கீர்த்தனையைப் பத்து வருஷம் சேர்ந்து ஊதட்டும். ஒருவர் சீவாளியை நனைத்துக்கொள்ளும் நேரத்தில் மற்றவர் சுரத்தைக் கீழே விடாமல் பிடித்திருக்கக் கற்றுக்கொள்ளட்டும்.