புறநிலை வாழ்த்தும் துஆவும்

வாழ்த்துவதற்கும் இலக்கணம் வகுத்த மொழி தமிழ். தொல்காப்பியச் செய்யுளியல் புறநிலை வாழ்த்து என்றொரு வகையைக் கூறுகிறது. வாழ்த்தப் பெறுகிறவன் எத்தெய்வத்தை வழிபடுகின்றானோ, அத்தெய்வம் அவனைப் புறங்காத்து நிற்க, அவன் பழியற்ற செல்வத்தோடு தலைமுறை தலைமுறையாகச் சிறந்து விளங்குக என்பது அதன் பொருள். இவ்வாழ்த்து கலிப்பாவிலும் வஞ்சிப்பாவிலும் வருதலாகாது என்றும் அந்நூல் வரையறுக்கிறது. தன் தெய்வத்தை முன்னிறுத்தாமல் கேட்பவனின் தெய்வத்தை முன்னிறுத்தும் இப்பெருந்தன்மை, பல சமயத்தார் கூடி வாழ்ந்த மண்ணில் விளைந்த பண்பு எனலாம்.

ஆனால், ஓரிறைவனையன்றி வேறெவரையும் வணங்காத முஸ்லிம் புலவன், பிற சமயத்து நண்பனை எங்ஙனம் வாழ்த்துவது? நம்மவர் எழுதும் திருமண வாழ்த்துப் பாக்களிலும், மலர்களுக்கு வழங்கும் வாழ்த்துரைகளிலும் இருவகைக் குறைகள் தென்படுகின்றன. ஒரு சாரார், தாராள மனத்தைக் காட்டுவதாக எண்ணி, தம் உள்ளம் ஏற்காத தெய்வப் பெயர்களை வரிசையாக அடுக்கிப் பாடிவிடுகின்றனர். நா சொல்வதை நெஞ்சு சொல்லாத வாழ்த்து, எத்துணைச் சீரும் தளையும் பொருந்தியிருப்பினும் வெற்றொலியே. அதை மெய்யென நம்பி ஏற்கும் நண்பருக்கும் அது நேர்மையன்று. மற்றொரு சாரார், அவர்களுக்காக இறைவனிடம் வாய்திறப்பதே கூடாது என்று அஞ்சி, இறைவனின் நினைவே இல்லாத வறட்டுச் சொற்களை நான்கு வரியில் நிரப்பி முடித்துக்கொள்கின்றனர். இரு சாராரும் மறந்துவிட்ட ஒரு சொல் உண்டு. அது துஆ.

அரபு மொழியில் 'தஆ' என்னும் வினையுடன் 'லாம்' என்னும் இடைச்சொல் சேர்ந்தால் ஒருவருக்காக வேண்டுதல். 'அலா' சேர்ந்தால் ஒருவருக்கு எதிராக வேண்டுதல். வினை ஒன்றே, ஓர் இடைச்சொல்லின் மாற்றத்தில் அருளும் சாபமும் பிரிகின்றன. தவ்ஸ் குலத்துத் துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் குலத்தார் மார்க்கத்தை மறுத்துவிட்டதாக முறையிட்டு, அவர்களுக்கு எதிராக வேண்டுமாறு கேட்டார்கள். தவ்ஸ் இன்றோடு அழிந்தது என்றே மக்கள் எண்ணினர். நாயகமோ, அக்குலத்தாருக்கு நேர்வழி காட்டி அவர்களைக் கொண்டுவந்து சேர்க்குமாறு இறைவனிடம் இறைஞ்சினார்கள். 'அலா' என்று கேட்கப்பட்டது. 'லாம்' என்று வழங்கப்பட்டது. புகாரியில் இதனை அறிவிக்கும் அபூஹுரைரா (ரலி) அவர்களே அந்தத் தவ்ஸ் குலத்தவர்தாம் என்பது எண்ணி இன்புறத் தக்கது. மார்க்கத்தை ஏற்காதிருந்த தம் அன்னைக்காக அவர்கள் கண்ணீரோடு வந்து துஆ கேட்டதும், நாயகம் அந்த அன்னைக்கு நேர்வழி வேண்டியதும், வீடு திரும்பிய மகனின் செவியில் தாயின் கலிமா ஒலித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற வரலாறு.

நேர்வழியை மட்டும்தானே வேண்டலாம், உலக நலன்களை வேண்டலாமா என்று சிலர் வினவுவர். குறைஷியர் கொடும் பஞ்சத்தில் எலும்பையும் தின்ற காலத்தில், அவர்தம் தலைவர் அபூஸுஃப்யான் வந்து, உம் மக்கள் அழிகின்றனர் என்று கூறித் துஆ கேட்டார். நாயகம் வேண்டினார்கள், பஞ்சம் நீங்கியது. துன்பம் நீங்கியதும் அம்மக்கள் பழைய நிலைக்கே திரும்பினர். திரும்பிவிடுவர் என்பதற்காக அந்த வேண்டுதல் மறுக்கப்படவில்லை. நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் மக்கா நகரத்தாருள் இறைவனையும் இறுதி நாளையும் நம்பியோருக்குக் கனிவகைகளை வழங்குமாறு கேட்டபோது, நம்பாதவனுக்கும் சிறிது காலம் சுகம் அளிப்பேன் என்ற கருத்தில் இறைவன் விடை பகர்ந்ததைத் திருமறையின் 2ஆம் அத்தியாயம் 126ஆம் வசனம் காட்டுகிறது. நபி சுருக்கிக் கேட்டதை நாயன் விரித்தருளினான்.

எதிராக வேண்டியதும் உண்டே எனின், உண்டு. ஹிஜ்ரி 4இல் பிஃரு மஊனாவில் திருமறை ஓதும் தோழர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டபோது, நாயகம் ஒரு மாத காலம் கொலைகாரக் குலங்களுக்கு எதிராகக் குனூத் ஓதினார்கள். அது வஞ்சகக் கொலைக்கு எதிரான முறையீடு. அதனை எடுத்துவந்து, நம்மோடு உப்பும் தண்ணீரும் பகிர்ந்து வாழும் அண்டை வீட்டார்மீது ஏற்றுவது பொருத்தமன்று. மார்க்கத்தின் பொருட்டு நம்மோடு போரிடாதவர்க்கும், நம் இல்லங்களினின்று நம்மை வெளியேற்றாதவர்க்கும் நன்மையும் நீதியும் செய்வதை இறைவன் தடுக்கவில்லை என்று 60ஆம் அத்தியாயம் 8ஆம் வசனம் தெளிவாகக் கூறுகிறது. துஆவினும் எளிய நன்மை வேறென்ன?

எல்லையும் ஒன்று உண்டு. அதை மறைத்துரைப்பது கல்விக்கு அழகன்று. இணைவைத்த நிலையில் இறந்தவர்க்காகப் பாவமன்னிப்பு வேண்டுவதை 9ஆம் அத்தியாயம் 113ஆம் வசனம் விலக்குகிறது. ஆயின், ஒரு கதவு அடைக்கப்பட்டதைக் கண்டு வீட்டையே பூட்டிவிடலாகாது. இழப்பு நேர்ந்த இல்லத்தில் எஞ்சியிருப்போருக்குப் பொறுமையும் ஆதரவும் வேண்டலாம். நோயாளிக்கு நலமும், நிலத்துக்கு மழையும், பிள்ளைகளுக்கு நல்வாழ்வும் வேண்டலாம்.

இனி வாழ்த்தின் சொல்லுக்கு வருவோம். தமிழகத்துப் பள்ளிவாசல் பலவற்றில் மஃரிபு தொழுகை முடியும் நேரத்தில் பிற சமயத்துத் தாய்மார்கள் கைக்குழந்தையோடு வாயிலில் காத்து நிற்பதையும், தொழுது வெளிவருவோர் ஓதி ஊதிவிட்டுச் செல்வதையும் காண்கிறோம். அத்தாய்மார், தாங்கள் வணங்கும் தெய்வத்தின் பெயரை நம் வாயால் கேட்க வந்தவர்கள் அல்லர். அது வேண்டின் அவர்கள் கோயிலுக்கே சென்றிருப்பர். இவர் தம் இறைவன்முன் நெற்றியை நிலத்தில் வைத்து வருகிறார், அந்த வாயால் என் பிள்ளைக்காக ஒரு சொல் சொல்லட்டும் என்றே நிற்கின்றனர். நம்மிடம் அவர்கள் கேட்பது நம் உண்மையை.

ஆகவே நம் புலவர்கள் புறநிலை வாழ்த்தின் நெஞ்சத்தை ஏற்று, அதன் வாய்பாட்டை மாற்றிக்கொள்ளட்டும். உங்கள் தெய்வம் உங்களைக் காக்க என்று நம்பாததைச் சொல்லவேண்டியதில்லை. என் இறைவன் உங்களுக்கு நலம் அருள்வானாக என்று நம்பியதைச் சொல்லலாம். அவ்வாறு சொல்வதால் அண்டை வீட்டார் அயலாராகிவிட மாட்டார்கள். நாம் நாள்தோறும் ஓதும் ஃபாத்திஹா, அவனை அகிலத்தார் அனைவரின் இரட்சகன் என்றே அறிமுகம் செய்கிறது. அவ்வனைவருள் அவர்களும் அடங்குவர்.