கராச்சியின் பெயர்ப்பலகையும் சிலாபத்தின் ஒரு வரியும்

கைபேசியைப் பற்றி நமது ஊர்களில் இரண்டே இரண்டு அபிப்பிராயங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கற்பிட்டியில் கேட்டாலும் புத்தளம் நகரில் கேட்டாலும் மதுரங்குளியில் கேட்டாலும் அவையேதான். "போன்தான் புள்ளைகளக் கெடுத்துப் போட்டுது" என்பது ஒன்று. "காலம் மாறிப் போச்சு, நாமளும் மாறத்தானே வேணும்" என்பது மற்றது. முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் வாப்பா. இரண்டாவதைச் சொல்பவர் அந்த வாப்பாவுக்குத் தவணை முறையில் போன் விற்றவர். ஜும்ஆ மேடையிலும் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்திலும் இவ்விரண்டும்தான் மாறி மாறி வருகின்றன.

இரண்டு பேருமே திரையைப் பார்க்கவில்லை என்பதுதான் என் முறைப்பாடு. ஒரு நாவலைப் படிக்காமல் அதற்கு விமர்சனம் எழுதினால் இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள். ஆனால் ஒரு விளையாட்டைப் பற்றியோ, முகநூலில் வந்த ஒரு வரியைப் பற்றியோ பார்க்காமலே தீர்ப்புச் சொல்ல எல்லோருக்கும் அனுமதி உண்டு. சாகசக் கதை நமக்குப் புதிதும் அல்ல. 1882இல் கண்டியில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை, 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை' என்ன கதை? எகிப்தில் பிறந்த பிள்ளையைக் கடத்திக்கொண்டு போகிறார்கள், அவன் பம்பாயில் வளர்கிறான், ஆபத்துகளைத் தாண்டிப் போய்ப் பட்டம் பெறுகிறான். இன்றைய பையனிடம் சொன்னால் "நல்ல கேம் ஸ்டோரி சேர்" என்பான். இலங்கைத் தமிழ் நாவலின் தொடக்கமே அதுதான். ஆகவே கற்பனைச் சண்டை என்ற ஒரே காரணத்துக்காக முகம் சுளிக்க நமக்கு அவ்வளவு உரிமை இல்லை.

பப்ஜியை எடுத்துக்கொள்வோம். 2017இல் கணினியிலும் 2018இல் கைபேசியிலும் வந்தது. நூறு பேர் ஒரு தீவில் பரசூட்டில் இறங்குகிறார்கள். ஆயுதம் தேடுகிறார்கள். வட்டம் சுருங்கச் சுருங்க ஒருவரையொருவர் வீழ்த்துகிறார்கள். கடைசியில் மிஞ்சும் ஆள் அல்லது அணி வெல்கிறது. மலிவான போனிலும் ஓடக்கூடிய ஃப்ரீ பயரில் ஐம்பது பேர், ஏறத்தாழப் பத்து நிமிடம். நமது கரையோரப் பிள்ளைகளிடம் அது அதிகம் பரவியதற்கு அந்த மலிவே காரணம் என நினைக்கிறேன்.

இதை விளையாடும் பையன்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் தமிழ் படிப்பிக்கிறவனுக்கு ஒரு வேடிக்கை புலப்படும். ஏறக்குறைய முழுவதும் ஏவல் வினை. வா, ஓடு, படு, எறி, தூக்கு, விடு. வினைப்பகுதிகளை நன்னூலார் 23 வாய்பாடுகளில் அடக்கினார். அதில் பாதியை ஒரு ஆட்டத்துக்குள் கேட்டுவிடலாம். பெயர்ச்சொல் எல்லாம் ஆங்கிலம், வினை பெரும்பாலும் தமிழ். "லூட் எடு", "ஸோனுக்குள்ள வா", "ஹெட்ஷொட் அடி". தமிழ் செத்துவிட்டது என்று இதற்காக அழுகிறவர்கள் நமது வீட்டுப் பேச்சையும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். நிய்யத்து வை, உளூச் செய், துஆக் கேள், ஸலாம் சொல். அரபுப் பெயரைத் தமிழ் வினை சுமந்து வந்த இந்த ஏற்பாடு பல நூற்றாண்டுப் பழையது. அதே தோளில்தான் இன்று 'லூட்'டும் ஏறியிருக்கிறது. ஆட்டத்தில் வீழ்ந்த தோழனை, தானும் சுடப்படலாம் என்று தெரிந்தும், முழந்தாளிட்டு எழுப்புவதை 'ரிவைவ்' என்கிறார்கள். அதற்கு வராதவனை அடுத்த நாள் வகுப்பில் எவரும் மதிப்பதில்லை. "அவன் வந்து தூக்கல்ல சேர்" என்ற முறைப்பாட்டின் தொனியைக் கேட்டால், வன்முறை தவிர வேறொன்றும் இதற்குள் இல்லை என்று சொல்ல வாய் வராது.

இனி நமது எதிர்ப்புகளைப் பார்ப்போம். 2020 ஜூனில் பப்ஜியின் 'சன்ஹொக்' என்ற வெப்பமண்டலத் தீவில் சில தெய்வத் தூண்கள் நடப்பட்டன. அவற்றின் முன் போய் வணங்குவது போன்ற பாவனை செய்தால் ஆட்டக்காரனுக்குச் சுகமும் கவசமும் கிடைக்கும். வளைகுடா நாடுகளின் முஸ்லிம் ஆட்டக்காரர்கள் இதை எதிர்த்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பாவனையை அகற்றியது. இதில் எனக்குப் பிடித்தது, முறையிட்டவர்கள் ஆட்டத்தை ஆடியவர்கள் என்பதே. உள்ளே இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் முறைப்பாடு குறி தவறாமல் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் திகதி இந்திய அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தபோது, "அங்க தடை செஞ்சிட்டாங்க, இங்கயும் செய்ய வேணும்" என்றவர்கள் நம்மில் பலர். அந்தத் தடை பிள்ளைகளின் ஒழுக்கத்துக்காக வந்ததல்ல. எல்லையில் சீனாவோடு வந்த பிணக்கின் பின்விளைவு அது.

ஆனால் தூணைக் கண்ட நாம் பெட்டியைக் காணவில்லை. மாஇதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மது, சூது, நட்டு வைத்த பலிக்கற்கள், அம்பெறிந்து குறி பார்த்தல் ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் விலக்குகிறது. நட்ட தூணுக்கு உலகம் முழுவதும் குரல் எழும்பியது. அதே வசனத்தில் பக்கத்தில் நிற்கிற சூதுக்கு ஏன் ஒரு குரலும் இல்லை? இந்த விளையாட்டுகள் இலவசம். காசு வருவது உடைகளிலும் துப்பாக்கிச் சாயங்களிலும் இருந்துதான். அவற்றில் பலவற்றை நேரடியாக வாங்க முடியாது. காசு கட்டி 'டயமண்ட்' அல்லது 'யூசி' வாங்க வேண்டும், அதைக் கொடுத்து ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும், அல்லது ஒரு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். உள்ளே என்ன வரும் என்று திறக்கும்வரை தெரியாது. பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாத பொருள்தான் வரும். ஃப்ரீ பயரில் இந்தப் பகுதிக்குப் பெயரே 'லக் ரோயல்'. மறைக்கவும் இல்லை, பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு வேறு சில பிரபல விளையாட்டுகளின் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று 2018 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. விலை தெரியும், பொருள் தெரியாது என்ற வியாபாரம் ஃபிக்ஹு கிதாபுகளில் எந்தப் பாடத்தில் வரும் என்பதை மத்ரஸாவின் மூன்றாம் வருட மாணவனும் சொல்வான். துப்பாக்கிச் சத்தம் காதில் விழுகிறது, அதனால் அதைப் பற்றி குத்பா வருகிறது. சக்கரம் சத்தமில்லாமல் சுழல்கிறது. பெருநாள் காசு அங்கே போய்விடுகிறது.

நம்மைப் பற்றி மற்றவர்கள் வரைந்த படங்கள் தனிக் கதை. 2002இல் அமெரிக்க இராணுவமே ஆட்சேர்ப்புக்காக ஒரு விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. அதன் பின்னர் மணல் நிற நகரம், மினாரா, பாங்கொலி, தலைப்பாகைக்காரன் என்பவை சுடும் விளையாட்டுகளின் வழக்கமான திரைச்சீலை ஆகிவிட்டன. 2009இல் வந்த 'கோல் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயர் 2' விளையாட்டில் கராச்சி நகரம் ஒரு சண்டைக் களம். கடைகளின் பெயர்ப்பலகைகள் அரபு மொழியில் இருந்தன. கராச்சியில் உருதுதான் எழுதுவார்கள் என்பதைப் பல கோடி டொலர் செலவிட்டவர்களில் ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. எழுத்து ஒன்றென்றால் மொழியும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். அரபுத் தமிழில் மாலையும் மசாலாவும் ஓதிய நமது மூத்தம்மாமாருக்குத் தெரிந்த சங்கதி இது. எழுத்து வேறு, மொழி வேறு. அவர்கள் அரபு எழுத்தில் தமிழை வாசித்தார்கள். நமது பிள்ளைகள் வட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் அதே தமிழை எழுதுகிறார்கள்.

பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். 2001இல் டமஸ்கஸ் நகரின் தாருல் ஃபிக்ர் பதிப்பகம் 'தஹ்தர் ரமாத்' (சாம்பலுக்கு அடியில்) என்ற விளையாட்டை வெளியிட்டது. பலஸ்தீன இளைஞன் ஒருவன்தான் நாயகன். பொதுமகனைச் சுட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும். அந்த ஒரு விதியில் இருக்கிற நெறி பத்துப் பயானுக்குச் சமம் என்பேன், ஆட்டமாக அது அவ்வளவு நன்றாக இல்லாவிட்டாலும். 2023இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதை உழைத்துக் கட்டியெழுப்பியிருந்தது. கடையும் நூலகமும் கால்வாயும் உள்ள பக்தாத். நாயகன் செய்வது என்னவோ கொலைதான்.

இதெல்லாம் தூரத்து விஷயம். நமது மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது, அதை நாம் பாடமாக இன்னும் எடுக்கவில்லை. 2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று வாரம், ரமழானின் முதல் வாரம். சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வர்த்தகர் முகநூல் பின்னூட்டமொன்றில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்பது அதன் பொருள். அது மிரட்டல் என்று கொள்ளப்பட்டது. கடைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கல் விழுந்தது. எழுதியவர் கைது செய்யப்பட்டார், ஊரடங்கு வந்தது. மறுநாள் வன்முறை குளியாப்பிட்டிக்கும் மினுவாங்கொடைக்கும் பரவியது. புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது.

அந்த வரியை ஒரு செய்யுள் அடி போல எடுத்து வைத்துப் பாருங்கள். நமது வீடுகளில் உம்மாமார் தினமும் சொல்வதுதானே இது? "ரொம்பச் சிரிக்காத, பொறகு அழுவ." சிரிப்பைக் குறைத்து அழுகையைக் கூட்டச் சொல்லும் ஹதீஸையும் நாம் கேட்டே வளர்ந்தோம். தமிழ்க் காதுக்கு அது புத்திமதி, கொஞ்சம் கசப்பான புத்திமதி. ஆனால் ஆங்கிலத்தில் எழுதி, சிங்களக் காதில் விழுந்து, பிள்ளைகளை அடக்கம் செய்துவிட்டு மூன்று வாரமே ஆன ஊரில் வாசிக்கப்படும்போது "ஒரு நாள்" என்பது ஒரு திகதியாகக் கேட்கிறது. யார் யாருக்குச் சொன்னது, எதைக் கண்டு சிரித்ததற்குச் சொன்னது என்பதெல்லாம் உதிர்ந்துவிட்டது. அந்த ஒரு வரியை மட்டும் படம் பிடித்துப் பகிர்ந்தால் மிஞ்சுவது எழுவாய் இல்லாத ஓர் அச்சுறுத்தல்.

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளைச் சொல்லும்போது கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம் என்று வரிசைப்படுத்துகிறார். பரீட்சைக்காக அதை மனனம் செய்தபோது எனக்கு அலுப்பாக இருந்தது. முகநூல் வந்த பிறகு பார்த்தால், பின்னூட்டம் என்ற வடிவம் முதல் நான்கையும் கழற்றி எறிந்துவிட்டு மெய்ப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்ட செய்யுள். அந்த மெய்ப்பாட்டையும் அது பொத்தானாக்கிவிட்டது. தொல்காப்பியத்தின் எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. 2016 பெப்ரவரியில் முகநூல் விருப்பக்குறியோடு ஐந்து முகங்களைச் சேர்த்தது. நகைக்கு முகம் உண்டு, அழுகைக்கு உண்டு, மருட்கைக்கும் வெகுளிக்கும் உண்டு. அச்சத்துக்கு இல்லை. 2019 மே மாதத்தில் நமது வீடுகளில் இருந்தது அது ஒன்றுதான். அதை அழுத்த ஒரு பொத்தான் இருக்கவில்லை. அந்நிறுவனம் 2017இலிருந்து சில காலம் வெகுளி முகம் உள்ளிட்ட இந்த முகங்களை ஒரு விருப்பக்குறியைப் போல ஐந்து மடங்காகக் கணக்கிட்டு எந்தப் பதிவு மேலே வரவேண்டும் என்று தீர்மானித்தது என்பது 2021இல் வெளியான அதன் உள் ஆவணங்களில் தெரியவந்தது. 2018இல் கண்டி மாவட்டத்தில் நடந்த முஸ்லிம் எதிர்ப்பு வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக அது 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. சிலாபத்து வரியை எவர் எப்படி வாசித்தார் என்பதில் மனிதரோடு அந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

இப்படிச் சொல்வதால் எழுதுகிறவனுக்குப் பொறுப்பு இல்லை என்றாகாது. களனையும் காலத்தையும் அறியாமல் பேசுவதை நமது இலக்கணமும் குற்றமென்றே சொல்லும். ஆனால் நம்மவர்கள் அந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொண்டது "பேஸ்புக்கில ஒண்டும் எழுதாத" என்ற ஒரு வரி மட்டும். எழுதாமல் இருந்தாலும் தப்ப முடியாது என்பதற்கும் இதே மாவட்டத்தில் ஆள் இருக்கிறார். மதுரங்குளியில் ஆசிரியராக இருந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் முகநூலில் எழுதியதற்காகக் கைதானவர் அல்லர். 2017இல் வெளிவந்த 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார். தீவிரவாதத்தையும் போரையும் எதிர்க்கிற கவிதைகள் தீவிரவாதத்தைப் போதிப்பவையாக வாசிக்கப்பட்டன. அந்நூலின் பெயரே மெய்ப்பாட்டின் வடமொழிப் பெயர். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மெலிந்த ஒரு கவிதைப் புத்தகத்தை வாசித்து முடிக்க மூன்றரை வருடம்.